ஸ்டார்ட்டர் என் கையில் இருந்தது

வெளிச்சத்தைப் பற்றி என் மாமாவுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது, கேட்காமலேயே சொல்வார். தி.நகரில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் லைட் பிடிக்கிற வேலை அவருக்கு. சித்தியைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வருகிறார்கள் என்றதும், எங்கள் மந்தைவெளி வீட்டுக் கூடத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

சித்தியின் இடது கன்னத்தில் வெந்நீர் கொட்டிய தழும்பு உண்டு. முன்பு வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள், காபியைக் குடித்தார்கள், அதோடு சரி.

"டியூப்லைட்டு எல்லாத்தையும் காட்டிக் குடுத்துடும் பாப்பா. நிழலுக்கு ஓரமே இருக்காது. பல்பு அப்படியில்ல. இந்தாண்ட வெளிச்சம், அந்தாண்ட இருட்டு, நடுவுல கத்தி வெச்ச மாதிரி" என்று சொல்லிக்கொண்டே ஸ்டார்ட்டரைத் திருகியெடுத்து என்னிடம் கொடுத்தார் மாமா. அது இல்லாமல் சுவிட்சைப் போட்டாலும் டியூப்லைட் எரியாது. மேஜை விளக்கை பீரோவுக்கு அந்தப் பக்கம் வைத்து, நிழல் முடிகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார். அதன்மேல் நின்றால் வலது கன்னத்துக்கு மட்டும்தான் வெளிச்சம்.

சித்தி கோட்டைப் பார்த்தாள். "நான் இன்னா, பாண்டி ஆடவா வரேன்?"

இருட்டியதும் மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள்.

"லைட்டு ரிப்பேரு" என்றார் மாமா, யாரும் கேட்காமலேயே.

கோட்டுக்கு வந்த சித்தி காபித் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கை நீட்டினாள். "குடுடி."

நான் மாமாவைப் பார்த்தேன். மாமா ஃபேனைப் பார்த்தார். கொடுத்துவிட்டேன்.

பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்டூலில் ஏறினாள். மாப்பிள்ளை எழுந்துவந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார். டியூப்லைட் கண்ணடித்துக் கண்ணடித்து எரிந்தது. கத்தி வைத்த ஓரம் எங்கே போயிற்றோ, கூடத்தில் எல்லோருக்கும் முழு முகம் வந்தது.

"கன்னத்துல இன்னாங்க?" என்றார் மாப்பிள்ளை.

"வெந்நீர்."

"பாத்து எறங்குங்க. ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை."

யோசித்துச் சொல்வதாக அவர் அம்மா சொல்லிவிட்டுப் போனார். "போட்ட லைட்டெல்லாம் வேஸ்ட்டு" என்று மாமா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் சித்தி அந்தக் கோட்டை அழிக்கவில்லை. அதையே முதல் கோடாக வைத்து மீதிக் கட்டங்களைப் போட்டு, பாண்டி ஆட என்னைக் கூப்பிட்டாள். என்ன பதில் வருமோ என்று வீடே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மட்டும் எதற்கு அப்படிச் சிரித்துக்கொண்டு நொண்டினாள் என்று எனக்கு விளங்கவில்லை. இத்தனைக்கும் ஆட்டத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தது நான்.