இறகைக் காட்டிப் பெண் கேட்ட அண்ணர்

எங்கள் அண்ணர் மன்னார் பேசாலையில் பிறந்தவர். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை, ஆனால் வள்ளத்தில் ஏறினால் சத்தி எடுப்பார். இதை இந்த நினைவு மலரில் எழுத வேண்டாம் என்று அண்ணி சொன்னார். எழுதிவிட்டேன். அண்ணர் இருந்திருந்தால் அவர்தான் முதலில் சிரித்திருப்பார்.

சண்டைக் காலத்தில் இத்தாலியின் பலெர்மோ நகருக்கு வந்து, பொலிதேயாமாப் பகுதியில் வயதான ஓர் இத்தாலியர் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஐயா என்பதுபோல அவரைச் சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவோம். பிறகு என்னையும் கூப்பிட்டு, அதே நகரின் அல்பெர்கேரியாவில் தன் சின்ன அறையில் பாதியை எனக்குத் தந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் என்று என்னை ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை.

ஒருநாள் சிஞ்ஞோரே, “ஞாயிற்றுக்கிழமை மொஸ்காவால் மீன் பிடிக்கப் போவோம்” என்றாராம். மொஸ்கா என்றால் ஈ. அண்ணர் சந்தை மீன்கடையில் ஈ பிடித்து, ஜாம் போத்தலில் அடைத்துக்கொண்டு போனார். சிஞ்ஞோரே பாறையில் உட்கார்ந்து சிரித்து முடித்த பிறகுதான் விஷயம் விளங்கியது. தூண்டில் முள்ளில் இறகைக் கட்டிப் பூச்சி போலவும் சிறுமீன் போலவும் செய்வதைத்தான் மொஸ்கா என்கிறார்கள். இறகுக்குப் பாரமில்லை. தடித்த நூலைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, அந்த நூலின் பாரத்தில் எறிய வேண்டும். கரையில் நின்றே பிடிக்கலாம், வள்ளமே வேண்டாம். அண்ணருக்கு வேறென்ன வேண்டும்? பைத்தியமாகிவிட்டார்.

அந்த நாட்களில்தான் அண்ணியைப் பெண் கேட்டார். அண்ணியின் அப்பாவும் பலெர்மோவில்தான், போர்கோ வெக்கியோவில் இருந்தார். ஊரில் வலை இழுத்தவர்.

“இறகால மீன் பிடிக்கிறவனுக்கோ என்ரை பிள்ளையைக் குடுக்கிறது? ஒண்டைப் பிடிச்சுக் காட்டு, பிறகு கதைப்பம். அதுவரைக்கும் என்னை மாமா எண்டு கூப்பிடாதை.”

“ஓம் ஐயா.”

குளிர்காலத்து ஞாயிறு. பூசை முடிந்த கையோடு அண்ணரும் அந்தப் பெரியவரும் நானும் அரெனெல்லாக் கடற்கரைப் பாறைகளுக்குப் போனோம். முதல்நாள் புயலில் கடல் கலங்கியிருந்தது. அண்ணர் வீச, இறகு திரும்பத் திரும்பச் சும்மா வந்தது.

“அண்ணை, முழுக் கோழியையே கட்டி எறியுங்கோ” என்றேன்.

“வாயைப் பொத்தடா.”

அப்போதுதான் நூல் விறைத்தது. தடி வில்லாக வளைந்தது. நுரைக்குள் வெள்ளியாக ஒன்று புரண்டது. ஸ்பிகோலா மீன், எங்கள் ஊர்க் கொடுவாயின் சொந்தக்காரன். கோட்டும் சப்பாத்துமாக நின்ற பெரியவர் அலைக்குள் பாய்ந்து, வலைக்கயிறு போல நூலை இரண்டு கையாலும் பிடித்து இழுக்கத் தொடங்கினார்.

“மாமா, விடுங்கோ மாமா, அறுந்திடும்!”

“நீ தடியைப் பிடி மருமோன், இவனை நான் பாக்கிறன்.”

டப் என்று நூல் அறுந்தது.

“மீன் போயிட்டுது” என்றேன். “ஆனா மருமோன் எண்டு ஆரோ சொன்னது கேட்டுது.”

பெரியவர் கோட்டைப் பிழிந்தார். பிறகு அண்ணரைப் பார்த்தார்.

“அறுத்தது நான்தான். வாற ஞாயிறு வீட்டுக்கு வாங்கோ.”

அண்ணர் அந்தத் தடியோடு என்னையும் தூக்கிச் சுற்றினார்.

கலியாணமாகி, ஒரு மகளும் பிறந்தாள். போன வருடம் நோய் வந்து, அண்ணரை எங்களிடமிருந்து சீக்கிரமே கொண்டுபோய்விட்டது. மருந்துக்கு அலைந்த நண்பர்களுக்கும், சோறு சமைத்து அனுப்பிய பங்கு மக்களுக்கும், பெட்டியின் பின்னால் கோலூன்றி நடந்து வந்த சிஞ்ஞோரேக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

மாமாவுக்குத் தனியாக ஒரு நன்றி. ஆசுப்பத்திரியில் குடும்பத்தவர் மட்டும் உள்ளே வரலாம் என்று தாதி மாமாவை மறித்து, “உள்ளே இருப்பவர் உங்களுக்கு என்ன முறை?” என்று கேட்டார். மருமகனுக்கு இத்தாலியச் சொல் மாமாவுக்குத் தெரியாது. “ஃபில்யோ” என்றார். மகன்.

சொல் தெரியாமல்தான் அப்படிச் சொன்னதாக இன்றும் சாதிக்கிறார். எங்கள் வீட்டில் ஒருவரும் நம்பவில்லை.