அஸருக்குப் பின் எழுந்தவன்

இதைப் படித்துவிட்டுத் தாயத்துக் கடை நோக்கி எவரும் ஓட வேண்டாம்! மந்திரித்த கயிறு கட்டி வயிறு வளர்க்கும் கூட்டத்துக்கு இதில் ஒரு காசு வரும்படியும் கிடையாது. ஆனாலும், நடக்காததை நடந்ததென்று விற்பது எவ்வளவு கயமையோ, நடந்ததை இல்லையென்று மறைப்பதும் அவ்வளவு கயமைதான். ஆகவே சொல்லத்தான் வேண்டும். 1957-ஆம் ஆண்டு, திருச்சி பாலக்கரையில் இது நடந்தது.

கமருன்னிசாவின் கணவன் ஹனீஃபா தையற்காரன். அவன் அண்ணன் பரக்கத் அலிக்கு ஒரே குறி: அத்தா விட்டுப்போன வீட்டிலிருந்து தம்பியையும் அவன் மனைவியையும் வெளியே தள்ள வேண்டும். ஒரே கூரை, இரண்டு அடுப்பு, நாள் தவறாத வசவு.

ஒருநாள் பகலுணவுக்குப் பின் கண்ணயர்ந்த ஹனீஃபா அலறிக்கொண்டு எழுந்தான். உறக்கம் ஒரு சின்ன மரணம். உறங்குபவனின் ரூஹை, அந்த உயிரை, இறைவன் கைப்பற்றுகிறான், நாடினால் திருப்பி அனுப்புகிறான் என்று நம்பும் வீடு அது. கெட்ட கனவு கண்டவன் இடப்பக்கம் மும்முறை துப்பிவிட்டு, மறுபுறம் திரும்பிப் படுக்க வேண்டும். எவரிடமும் வாய் திறக்கக் கூடாது; பகைவனிடம் கூடவே கூடாது. அவன் உரைக்கும் பலன்படியே கனவு பலித்துவிடும் என்பார்கள்.

“துப்பிட்டுத் திரும்பிப் படுங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்றாள் கமருன்னிசா.

கூடத்திலிருந்து பரக்கத் அலியின் சிரிப்பு வந்தது. “என்னடா தம்பி, பட்டப்பகல்ல பொம்பளை மாதிரி கத்துறே?”

ஹனீஃபாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. “ஆமா, கனவு கண்டேன்! நான் ஸ்ரீரங்கத்துப் படித்துறையில நிக்கிறேன். என் சட்டையைப் போட்டுக்கிட்டு ஒருத்தன் பாலத்துல ஏறி நம்ம வீட்டுக்கு வர்றான். கூப்பிடுறேன்… திரும்பவே இல்ல.”

“பலன் நான் சொல்றேன் கேட்டுக்க. வர்றவன் இங்கயே இருக்கட்டும். நீ அங்கயே நில்லு. பீடை ஒழிஞ்சது!”

மறுநாள் பிற்பகல் அஸர் தொழுகை முடித்து வந்த ஹனீஃபா அசதியில் சாய்ந்தான். பொழுது சாயும் அந்த வேளையில் உறங்காதே என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. கமருன்னிசா குழாயடிக்குப் போயிருந்தாள், தடுக்க ஆளில்லை.

அவள் திரும்பியபோது அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். விழித்ததும் இறைவனைப் புகழ்ந்து வழக்கமாக வரும் ‘அல்ஹம்துலில்லாஹ்’ வரவில்லை. தண்ணீர்ச் செம்பை இடக்கையால் தூக்கிக் குடித்தான். அந்த வீட்டில் எவரும் இடக்கையால் குடித்ததில்லை. பிறகு தன் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தான்… அளவு சரியா என்று பார்ப்பவனைப் போல.

அந்தித் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு ஒலித்தது. அவன் காதுகளைப் பொத்திக்கொண்டான்.

பரக்கத் அலி எட்டிப் பார்த்தான். “என்னடா, பள்ளிவாசலுக்குப் போகலையா?”

அவன் அண்ணனையே பார்த்தான்.

“நீதானே இங்கயே இருக்கச் சொன்னே?”

அன்றிரவே பரக்கத் அலி பெண்டு பிள்ளைகளோடு எடமலைப்பட்டி புதூருக்கு ஓடினான். வீடு முழுவதும் கமருன்னிசாவுக்கே ஆயிற்று. வீடு யாருக்கு வேண்டும்? அவளுக்குப் புருஷன் வேண்டும்!

இரவெல்லாம் தையல் மெஷின் ஓடியது. டக… டக… டக… ஊசியில் நூல் இல்லை.

“கொஞ்சம் படுங்களேன்…”

“வேண்டாம்.”

ஒரு மாதம் கழிந்தது; அவன் ஒருநாளும் கண் மூடவில்லை. ஸ்ரீரங்கத்திலிருந்து கீரை கொண்டுவரும் வள்ளிக்கண்ணு வாசலில் கூடையை இறக்கினாள்.

“பாயம்மா, வீட்டுல சண்டையா? பாய் தினம் எங்க படித்துறையிலயே நிக்கிறாரே. பேச்சுக் கொடுத்தா தலையைக் குனிஞ்சுக்குவாரு. இன்னைக்குத்தான் வாயைத் திறந்தாரு.”

கமருன்னிசா மெஷின் ஓடும் உள்ளறையைத் திரும்பிப் பார்த்தாள். “என்ன… சொன்னாரு?”

“‘வீட்டுல இருக்கிறவனை ஒரே ஒரு தடவை தூங்க வைக்கச் சொல்லு… நான் வந்துடுறேன்’னு அழுவுறாரு.”

உள்ளே மெஷின் நின்றது.