ஜெயராணி பாடிய பாதிப் பாட்டு

லெஸ்டர் நகரத்துக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், கழிப்பறைக்குப் போகும் முன்னால் ஒவ்வொரு முறையும் மேற்பார்வையாளர் கெல்லியின் எதிரே போய் நின்றேன். அவளுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். போகலாமா என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்பேன். ஒருநாள் அவள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு, "யூ டோன்ட் ஹேவ் டு ஆஸ்க், லவ்" என்றாள். கேட்க வேண்டாம் என்பது புரிந்தது. கடைசிச் சொல் புரியவில்லை. ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று பயந்து "சாரி" என்றேன். அவளும் "சாரி" என்றாள். இரண்டு பேரும் எதற்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம் என்று இன்றுவரை தெரியாது.

கேட்காமல் போய்வரும் சுகத்துக்கு நான் பழகுவதற்குள் எல்லார் மணிக்கட்டிலும் பெட்டிகளைக் கணக்கெடுக்கும் ஸ்கேனரைக் கட்டினார்கள். கை கொஞ்ச நேரம் ஓய்ந்தால் அதன் திரை சிவந்துவிடும். திரும்பி வந்ததும் எங்கே போனாய் என்று கேட்கும். பதிலைத் தொட்டுக் காட்ட வேண்டும். கதவைப் பூட்டுவார் யாருமில்லை, திட்டுவாரும் இல்லை. ஆனால் ஒருநாள் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே மணிக்கட்டு சிவப்பாக மின்னியது. அன்றைக்குத் திரும்பி வந்து பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றபோது, அது போட்ட டக் டக் என்ற தாளத்துக்கு என் வாய் தானாக முணுமுணுத்தது.

"பஞ்சுக்குக் கணக்குண்டு, நூலுக்குக் கணக்குண்டு,
ஒண்ணுக்குப் போகவும் கணக்கா, சொல்லு கணக்கா?
பூட்டு உன் கையில, சாவி உன் இடுப்புல,
வலி மட்டும் ஏன்யா என் வயித்துல? நாளைக்கு..."

அதோடு நின்றுவிட்டது. நாளைக்கு என்ன? எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எதிரே நின்ற வின்ஸ்டன், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய ஜமைக்காக்காரர், பிரார்த்தனையா என்று கேட்டார். "மில் சாங்" என்றேன். அவர் காதில் அது மில்க் என்று விழுந்திருக்கிறது. முகம் கனிந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கும்போது பாடுவதா என்றார். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாது. தலையாட்டிவிட்டேன்.

அது ஜெயராணியின் பாட்டு. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் இருவரும் ராஜபாளையத்துக்கு வெளியே ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தோம். அவள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அங்கே பெண்களின் கழிப்பறைக்குப் பூட்டு உண்டு. சாவி மேஸ்திரியின் இடுப்பில் தொங்கும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் திறப்பார். மாசமாக இருந்த ஒரு பெண் ஒருநாள் அவரிடம் மூன்று முறை போய்க் கெஞ்சினாள். கடைசியில் மெஷின் பக்கத்திலேயே புடவை நனைந்துபோய், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெயராணி தன் தாவணியை அவிழ்த்து அவளுக்குச் சுற்றிவிட்டாள்.

சினிமாவில் ராப் பாட்டுகள் வந்து பையன்கள் தொளதொளவென்று பேன்ட் போட்டுத் திரிந்த காலம் அது. ஜெயராணி தன் ஊர்த் தேவாலயத்துக் கிறிஸ்துமஸ் விழாவில் ராப் பாட்டுக்குத் தன் பெயரைக் கொடுத்திருந்தாள். என்னையும் கூட்டிப்போனாள். பெண்பிள்ளை ராப் பாடப்போகிறாள் என்றதும் ஒரே விசில். அவள் பெஞ்சுப் பலகையில் தாளம் தட்டிக்கொண்டே தொடங்கினாள். முதல் வரிக்குச் சிரித்தார்கள். இரண்டாம் வரிக்கும் சிரித்தார்கள். மூன்றாவதில் எங்கள் ஆலைப் பெண்கள் இருந்த பக்கம் அடங்கிப்போனது. முன்வரிசையில் குடும்பத்தோடு மேஸ்திரி உட்கார்ந்திருந்தார்.

திங்கட்கிழமை அவளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே எங்களால் என்ன செய்ய முடியும்? ஆனால் ஆலை இரைச்சலில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அன்று ஒருத்தி என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள். பஞ்சுக்குக் கணக்குண்டு. நான் அடுத்தவளுக்கு அசைத்தேன். மேஸ்திரி நடந்துபோன வழியெல்லாம் உதடுகள் அசைந்தன. யாரைப் பிடிப்பார்? சத்தம் இருந்தால்தானே பிடிக்க. அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு இல்லை. ஏன் எடுத்தார்கள் என்று யாரும் சொல்லவுமில்லை. ஜெயராணியைத் திரும்பக் கூப்பிடவுமில்லை. அவள் திருப்பூருக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். பிறகு எனக்குக் கல்யாணம். உணவகச் சமையல்காரரான கணவரோடு இந்தக் குளிர் நாடு.

மீதிப் பாட்டு என்னை உட்காரவிடவில்லை. சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் அந்த 'நாளைக்கு' தொண்டையில் நின்றது. அக்கா மகனிடம் சொல்லி, அவன் அந்தத் தேவாலயத்தில் போய் விசாரித்து, ஒருவழியாக எண் கிடைத்தது. ஜெயராணி இப்போது கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு மாணவர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறாள்.

"ஏட்டி மாரி, நீயாட்டி? எம்புட்டு வருசமாச்சு!" என்றாள், போனில் என் குரலைக் கேட்டதும். அவள் பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

நலம் விசாரிப்பதற்குள் நான் கேட்டுவிட்டேன். "நாளைக்குன்னு வருமே, அதுக்கு மேல என்னட்டி?"

"மேலயா? மேல ஒண்ணுமே கிடையாது. நாளைக்குன்னு எடுத்தேன், மைக்க அமத்திட்டாவ. மறந்துட்டியா?"

"மீதிய நீ எழுதி வச்சிருந்தியே."

"யாரு சொன்னா? அங்க நின்னுக்கிட்டே சேத்துச் சேத்துப் பாடுனதுதான். பொறவு என்ன வந்திருக்கும்னு எனக்கே தெரியாது."

இல்லாத ஒன்றையா இத்தனை நாளும் தேடினேன்? அவள் வேலை போனதை எண்ணி நாங்கள் அழுததைச் சொன்னேன்.

"நீங்க அழுதிய. எனக்கு அன்னைக்குத்தான் நல்லாத் தூக்கம் வந்துச்சு" என்று சிரித்தாள். "செத்த இரு, சோறு பொங்குது" என்று போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள். வேலை முடிந்து இங்கத்து இரண்டடுக்கு பஸ்ஸின் மாடியில் உட்கார்ந்து காதில் மாட்டினேன். பதிவில் கேட்டது, விடுதிச் சமையல்காரப் பெண்களோடு அவள் வீட்டுக்குத் திரும்பும் பஸ். டிபன் டப்பாவில் தாளம் போட்டு எல்லாருமாகப் பாடுகிறார்கள். 'நாளைக்கு' வந்ததும் நிற்கவில்லை. ஒருத்தி நாளைக்கு அரிசியில கல்லு இல்லாம வரணும் என்கிறாள், ஒருத்தி நாளைக்கு உன் புருசனச் சமைக்கச் சொல்லு என்கிறாள், சிரிப்பு, மறுபடி தாளம். நானும் ஒரு வரி சேர்க்க வாயெடுத்தேன். பாதி ஆங்கிலமாக வந்தது. அதற்குள் காதுக்குள் கண்டக்டர் கத்தினார்: "ஸ்ரீவில்லிபுத்தூரெல்லாம் எறங்கு, எறங்கு!"

பையை எடுத்துக்கொண்டு படியில் கடகடவென்று இறங்கினேன். கதவு திறந்தது, ஓட்டுநருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தரையில் கால்வைத்தேன். பஸ் போன பிறகுதான் பார்த்தேன், அது என் நிறுத்தம் இல்லை. தெருப்பெயரைக்கூட எனக்கு வாசிக்க வரவில்லை. காதுக்குள் அந்தப் பெண்களும் இறங்கி, வாரேன் வாரேன் என்று ஒவ்வொருத்தியாகப் பிரிந்து அவரவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.