காட்டுமாடு தண்ணீர் குடித்த நேரம்

மலையேறப் போகிறோம் என்றதும் அண்ணன் சிரித்தான். "டவுண் ரதவீதியைச் சுத்தி வந்தாலே ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கும்." அந்த ஒரு பேச்சுக்காகவே போய்த்தான் தீருவது என்று மதினியும் நானும் கிளம்பிவிட்டோம். மதினிக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நானும் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறேன்.

சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை கொதித்துக்கொண்டிருந்தது. மாஞ்சோலையைத் தாண்டி மேலே போகப் போகக் காற்றே வேறாகிவிட்டது. வேன் நின்ற இடத்திலிருந்து வனக்காவலர் ஒருவர் முன்னால் நடந்தார். முதல் ஏரிக்கரையில் இருவாச்சி ஒன்று தலைக்கு மேலே பறந்தது. சிறகுச் சத்தம், ஏற்றத்தில் முக்கும் பழைய பஸ் மாதிரி இருந்தது. மதினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு புல்லில் ஓடினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் ஓடி நான் பார்த்ததில்லை.

இரண்டாவது ஏரிக்கரையில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தோம். எதிரே மரங்களை விலக்கிக்கொண்டு ஒரு காட்டுமாடு வந்தது. கறுப்பாக, ஒரு ஜீப் அளவுக்கு.

"அசையாதீங்க. தண்ணி குடிச்சிட்டு அதுவா போயிரும்" என்று காவலர் கிசுகிசுத்தார்.

மாடு தனியாக வரவில்லை. அதன் மேல் மொய்த்திருந்த பெரிய ஈக்களும் வந்தன. அவற்றுக்கு மாட்டைவிட எங்களைப் பிடித்துப்போயிற்று. ஒன்று மதினியின் மேலுதட்டில் உட்கார்ந்தது.

"ஏட்டி, கடிக்கு" என்றாள், வாயை அசைக்காமல்.

"எனக்குக் காதுல. பேசாம இரிங்க மதினி."

"நீ சிரிக்காத. நீ சிரிச்சா எனக்கும் வரும்."

எங்களை அதட்டக் காவலர் திரும்பினார். அவர் மூக்கு நுனியில் ஒரு ஈ. அதைப் பார்க்க அவர் இரண்டு கண்ணையும் உள்ளே இழுத்திருந்தார். மதினிக்கு அடக்க முடியவில்லை. சிரிப்பு மூக்கு வழியாகப் பீறிட்டது.

மாடு தலையைத் தூக்கியது. வாயிலிருந்து தண்ணீர் சொட்ட எங்களையே பார்த்தது. எனக்குப் பயம்தான். ஆனாலும் வயிறு குலுங்குவது நிற்கவில்லை. கடைசியில் அது மதினியைவிடச் சத்தமாக ஒரு செருமல் செருமிவிட்டுக் காட்டுக்குள் நடந்தது.

அது மறைந்ததுதான் தாமதம், மூன்று பேரும் எங்களை நாங்களே அறைந்துகொண்டு குதித்தோம்.

"நல்லவேளை, மாடு மிரளலக்கா" என்றார் காவலர், மூக்கைத் தேய்த்தபடி. "இதுகள்ட்ட நமக்கு என்ன சோலின்னு போயிருக்கு."

சாயங்காலம் வண்ணார்பேட்டையில் இறங்கும்போது மதினியின் உதடு பன் போல வீங்கியிருந்தது. பைக்கோடு காத்திருந்த அண்ணன் பதறிப்போனான். "ஏளா, என்னாச்சு?"

"காட்டுவாடு" என்றாள் மதினி. உதடு ஒட்டினால்தானே 'மா' வரும்! "என்னது?" என்று அவன் கேட்கக் கேட்க, அவள் மறுபடியும் "வாடு, வாடு" என்றாள். பக்கத்துப் பழக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு அழும்வரை சிரித்தேன். விஷயம் என்னவென்றே தெரியாமல் அண்ணனும் சிரிக்க ஆரம்பித்தான்.