நாற்பத்தேழும் நாற்பத்தெட்டும்

எண்பதுகளின் தொடக்கத்தில் பட்டணத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, உயிரணுக்களை அளப்பது. பெண்களின் கருப்பைவாயிலிருந்து வழித்தெடுத்ததைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றித் தருவார்கள். நுண்ணோக்கியில் தெரியும் உருவத்தைக் கட்டம்போட்ட தாளில் விழச்செய்து, பென்சிலால் ஓரம் வரைந்து, கட்டங்களை எண்ணவேண்டும். நல்ல அணு தட்டையாகப் பரந்து, நடுவே சிறு புள்ளியோடு இருக்கும். நோய் பிடித்ததில் அந்தப் புள்ளி கறுத்துப் பெருத்து, சுற்றிலும் இடமே விடாது; முற்றிவிட்டால் அணுவுக்கு வால்கூட முளைக்கும்.

அந்த வாரம் வந்தவை மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தகடுகள். பெயர் கிடையாது, கொழுந்தெடுப்பவர்களின் செக்ரோல் எண், அதாவது தோட்டத்து ஆள்பதிவேட்டு எண், மட்டும். நாற்பத்தேழைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. அம்மாவின் கூடையில் வெள்ளைச் சாயத்தில் எழுதியிருக்கும் எண்.

வால் முளைத்த அணுக்கள். கறுத்த புள்ளிகள் என்னையே அண்ணாந்து பார்த்தன. மூன்று முறை அளந்தேன். குறையவில்லை.

நாற்பத்தெட்டு, பக்கத்து வீட்டு அத்தை. அதிலும் அதே வால்கள், அதே பருமன். இரண்டு உடம்பில் ஒரே ஆள் குடியிருப்பதுபோல இருந்தது.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். தோட்டத்து லயத்து வீடுகளைச் சுற்றிப் பகலிலேயே மூடுபனி. முதலில் இரண்டு கூடைகள் வந்தன, பிறகுதான் முகங்கள்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம?" என்றாள் அம்மா.

"கிளினிக்ல டெஸ்ட் எடுத்தாங்கல்ல, அதுல ஒனக்கு..."

"நான் எங்கடா போனேன்? வெக்கமா இருந்துச்சு. ஒங்கத்ததான் என் கார்டையும் எடுத்துக்கிட்டு ரெண்டு தடவ போனா."

"காலையில பெரட்டுல பேர் கூப்பிடறப்ப, வராதவளுக்கு இன்னொருத்தி ஆள் சொல்றதில்லையா? அந்த மாதிரிதான் லா," என்று அத்தை சிரித்தாள். "முக்காட்ட மாத்திப் போட்டேன், கண்டுபிடிக்கல."

எனக்கு மூச்சு திரும்பியது. உடனே அதற்காகவே கூசிப்போனேன். அத்தையின் சிரிப்பு மெல்ல அடங்கியது.

"ஏண்டா என்னையே பாக்கற?"

சொன்னேன்.

"அப்ப ரெண்டும் என்னுதா?"

அம்மா கூடையை இறக்கினாள். "திங்கக்கெழம தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போலாம். நானும் வர்றேன். எனக்கும் பாக்கட்டும்."

ஆஸ்பத்திரியில் இருவரும் கையைப் பிடித்தபடி ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். உள்ளிருந்து கார்டைப் பார்த்து, மலாய் மொழியில் நாற்பத்தேழு என்று கூப்பிட்டார்கள்.

பழக்கத்தில் அத்தைதான் எழுந்தாள்.

"ஒக்காருடி," என்று அம்மா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "அது நான்."