நூற்றுப் பத்து கிலோவும் ஒரு லாரி டயரும்

மல்யுத்தத்தில் எடைப் பிரிவெல்லாம் போட்டியன்றுதான். பயிற்சியில் வந்து நிற்கிற ஆள்தான் நமக்கு ஜோடி. ஐம்பத்தேழு கிலோ உடம்போடு மெத்தையில் ஏறி, பெரிய உடம்புகளுக்கு அடியில் நசுங்கிய அன்பர்களே, இது உங்களுக்குத்தான்.

ஆரம்பம்

பகலில் நாமக்கல்லில் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரேடிங் பட்டறையில் வேலை, மாலையில் பயிற்சிக் கூடம். அங்கே எனக்கு வாய்த்த ஜோடி, போர்வெல் போடும் ரிக் வண்டிக்கு வெல்டிங் வைக்கும் பழனிசாமி. நூற்றுப் பத்து கிலோ. "பொங்கலுக்குள்ள பழனிய ஒருக்கா சாய்ச்சாத்தான் மாவட்டப் போட்டிக்குப் பேரு குடுப்பேன்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். எனக்கு வயது முப்பத்து மூன்று. அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று இருக்க முடியாது.

முதல் நாள் பழனி நெஞ்சில் தலையை முட்டி, பல்லைக் கடித்துத் தள்ளினேன். ஒரு நிமிஷம் கழித்து அவர் குனிந்து மரியாதையாகக் கேட்டார்: "ஏனுங்க, ஆரம்பிச்சுட்டீங்களா?"

ஆறு முட்டை

எடைதான் குறை என்று தினம் ஆறு முட்டை தின்றேன். எடைப் பிரிவே மாறிவிடும் என்பது அப்போது உறைக்கவில்லை. அந்தத் தெம்பில் பழனியை இடுப்போடு தூக்கப் போனேன். அவர் அப்படியே என்மேல் சரிந்தார். விலாவில் அடி, மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. விலாவை நீவிவிட்ட மனைவி சொன்னாள்: "முட்டை வாங்குனது போதுமுங்க, இனித் தைலம் வாங்கிக்கலாம்."

பட்டறையில்

திரும்பிப் போன அன்று லாரி டயர் ஒன்றை நகர்த்திக்கொண்டிருந்தேன். லாரி டயரை நாங்கள் யாரும் தூக்குவதில்லை. நம் பக்கம் சாயவிட்டு, பாரம் முழுவதும் கீழ் ஓரத்தில் நிற்கும்போது திருப்பினால் தானாக வரும். பதினைந்து வருஷமாகப் பகலெல்லாம் இதைச் செய்துவிட்டு, மாலையில் போய் நூற்றுப் பத்து கிலோவைத் தூக்கப் பார்த்திருக்கிறேன்! என்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. கூட வேலை செய்யும் முருகேசனிடம் சொன்னேன். அவன் நிமிரக்கூட இல்லை: "இது வெளங்க உனக்கு ஒரு விலா எலும்பு செலவாயிருக்குது."

பொங்கலுக்கு முந்தின வாரம்

மாஸ்டர் விசில் ஊதினார். நான் தள்ளவில்லை, பின்வாங்கினேன். பழனி ஓர் அடி வைத்தார். இன்னும் பின்வாங்கினேன். அவர் பாரம் முழுவதும் முன்காலில் இறங்கியதும் உள்ளே புகுந்து, அந்தக் காலைக் கட்டி, தோளால் தொடையை அழுத்தித் திருப்பினேன். பிடி நழுவியது. விடவில்லை, மறுபடி கட்டினேன். கூடமே அதிர பழனி மல்லாந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மாஸ்டர் நோட்டில் என் பெயரை எழுதினார். படுத்தபடியே பழனி சொன்னார்: "இதை மொதல்லயே பண்ணியிருந்தா, ஆறு மாசம் உங்களத் தாங்கிட்டு நின்னிருக்க வேண்டாமுங்க."

போட்டியில் ஐம்பத்தேழு கிலோக்காரன் ஒருவனிடம் முதல் சுற்றிலேயே தோற்றேன். நான் எவ்வளவு பின்வாங்கியும் அந்தப் பாவி ஓர் அடிகூட முன்னால் வரவில்லை.