மூன்றாம் பிறந்தநாள் சட்டை

என் மகளுக்கு மூன்று வயது நிறைந்த அன்று நான் பிடித்த பிடிவாதத்தை நினைத்தால், இன்றைக்கும் என் வாயிலேயே ஒரு போடு போடலாம் போலிருக்கிறது. எண்பத்தாறாம் ஆண்டு மாசி மாதம். வன்னியில், தர்மபுரத்துப் பக்கம் எங்கள் குடியேற்றத்தில் காலபோக நெல் அறுவடை முடிந்து வயலெல்லாம் வெட்டையாய்க் கிடந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து என் தங்கை ஒரு வெள்ளை நைலான் சட்டை அனுப்பியிருந்தாள். மூன்று அடுக்குச் சுருக்கு, இடுப்பில் நாடா. எங்கள் வாய்க்கால் கரையில் அப்படியொரு சட்டையை யாரும் கண்டதில்லை.

கேக் செய்யப் பக்கத்துக் காணிக்காரி வந்திருந்தாள். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து, எங்களுக்குப் பக்கத்தில் காடு வெட்டிக் குடியேறியவள். சட்டிக்குக் கீழேயும் மேலேயும் தணல் போட்டுவிட்டு இருந்தவளிடம் சட்டையை விரித்துக் காட்டினேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அக்கா, இது வேணாங்க. வெள்ளை. மேல இருந்து பாத்தா பளிச்சுன்னு தெரியும்."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "என்ரை பிள்ளைக்கு என்ன சட்டை போடுறதெண்டு ஹெலிக்காரனிட்டையோ கேக்கச் சொல்லுறாய்?"

அவள் தணலைக் கிளறினாள். என் கணவரும் மெல்ல, "வேறை ஏதும் போடனப்பா" என்றார். அவருக்கும் நன்றாக ஏச்சுக் கொடுத்தேன்.

அவர்கள் சொன்னதில் பிழையில்லை. தை பிறந்ததிலிருந்து அரசாங்கத்தின் ஹெலிகொப்டர் அடிக்கடி வந்தது. கூட்டமாய் நின்றால் சுடுவான், சைக்கிள் மினுங்கினாலும் சுடுவான், ஓடினால் கட்டாயம் சுடுவான் என்று எல்லோருக்கும் தெரியும். வந்தவர்கள் ஒருவர் இருவராகத்தான் வந்தார்கள். சைக்கிள்களை மாமரத்தின் கீழ் படுக்கவைத்துக் குழையால் மூடினார்கள். பிறந்தநாள் வீட்டுக்கு வந்த சனம் களவெடுக்க வந்த மாதிரிப் பதுங்குதே என்று நான் பகிடி வேறு விட்டேன்.

நாலு மணிக்கு மாமரத்தடியில் கேக் வெட்டினோம். மகள் ஒரு கையில் கேக்கும் மறு கையில் சிவப்பு பலூனுமாய்த் துள்ளினாள். பாட்டு முடியவில்லை, ஹெலிச் சத்தம் கேட்டது. இருபது பேரும் வீட்டுக்குப் பின்னால் காய்ந்து கிடந்த வாய்க்காலுக்குள் விழுந்தோம். மகளை என் கணவர் தூக்கியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் தூக்கியிருப்பேன் என்று அவர் நினைத்தார். இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம், "பிள்ளை எங்கை?"

பலூன் காற்றோடு போயிருந்தது. அவள் அதன் பின்னால் போய் வயலின் நடுவில் நின்றாள். மொட்டை வயலில் அந்த ஒரு வெள்ளைதான் தெரிந்தது. ஐயோ, என் கையால் போட்டுவிட்ட வெள்ளை!

எழும்பினேன். பக்கத்துக் காணிக்காரி என் சேலையைப் பிடித்தாள். "ஓடாதீங்க அக்கா. நடந்து போங்க. வேல பாக்குற மாதிரி நடங்க."

நடந்தேன். ஹெலி பதிந்து வட்டம் போட்டது. வைக்கோல் பறந்து கண்ணில் அடித்தது. நடுவில் குனிந்து இரண்டு கைப்பிடி வைக்கோல்கூடப் பொறுக்கினேன். மகள் அண்ணாந்து பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, வாய்க்கால் பக்கம் திரும்பாமல் வீட்டை நோக்கி நடந்தேன். திரும்பினால் மற்றவர்களையும் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

அது போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் கிழக்கே, அடுத்த குடியேற்றப் பக்கம், வெடிச்சத்தம் தொடர்ந்து கேட்டது.

"அம்மா, நான் டாட்டா காட்டினனான். ஏன் அவை காட்டேல்லை?" என்றாள் மகள்.

மறுநாள் பக்கத்துக் காணிக்காரி ஒரு பானையில் தேயிலையைக் கருகருவென்று கொதிக்கவைத்தாள். சொன்னேன்தானே என்று ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும். சட்டையை நானே முக்கினேன். சாயம் திட்டுத்திட்டாய்ப் பிடித்தது. ஊத்தைச் சட்டை வேண்டாம் என்று மகள் நிலத்தில் புரண்டு அழுதாள்.

"இது நல்லதடி செல்லம். மேலாலை தெரியாது" என்று சொல்லிச் சொல்லிப் போட்டுவிட்டேன்.

அடுத்த மாசியில் அவளைக் கிளிநொச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். போன வருடத்துக்கும் சேர்த்து நல்ல சட்டையாய் வாங்க வேண்டும் என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். வீட்டுக்குள் மட்டும் போட்டால் போதும் என்றிருந்தேன். கடைக்காரர் ரோஸ் நிறத்தில் சரிகை வைத்த ஒன்றை விரித்து, "பிள்ளைக்குப் பிடிச்சிருக்கோ?" என்று கேட்டார்.

அவள் சரிகையை ஒரு விரலால் தடவிப் பார்த்தாள். நெடுநேரம் தடவினாள். பிறகு கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாமம்மா. மேலாலை தெரியும்."

கீழ்த் தட்டில் கிடந்த மண்ணிறச் சட்டையைக் காட்டினாள். கடைக்காரர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திவிட்டார். நான் அதையே கட்டித் தரச் சொன்னேன்.